சிறைச் சட்டமும் நம் வீட்டு வாசலும்

ஒரு வீட்டில் நோய் கண்டால் அண்டை அயலார் வந்து நலம் விசாரிக்கின்றனர். சாவு நேர்ந்தால் லயமே திரண்டு வருகின்றது. ஆனால் அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவர் சிறைக்குச் சென்றுவிட்டாலோ, விசாரிக்க வருவோர் அருகிவிடுகின்றனர். பெற்றோர் வெட்கத்தால் தலை குனிந்து பிரட்டுக்குச் செல்கின்றனர். "அவனை நாங்கள் தலை முழுகிவிட்டோம்" என்று கூறிவிடுவோரும் உளர்.

இவ்வாறு கூறுவோர் முக்கியமான ஒன்றை அறியாதிருக்கின்றனர். சிறை சென்றவர் தம் தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை வெளியில் கழிக்க இயலுமா, திரும்பியபின் நேர்வழியில் நிலைப்பாரா என்பவற்றில் குடும்பத்திற்கும் ஒரு பங்கு உண்டு. இஃது அறவுரை மட்டுமன்று. நம் நாட்டுச் சிறைச் சட்டமே இன்று அவ்வாறு அமைந்துள்ளது. அச்சட்டம் எவ்வாறு வளர்ந்தது, அதில் நாம் பயன்படுத்திக்கொள்ளத்தக்கவை யாவை, நம் கடமை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

பழைய சிறைகள்

பேரா மாநிலத்தில் உள்ள தைப்பிங் சிறை 1879ஆம் ஆண்டு தோன்றியது. கோலாலம்பூரின் புடு சிறை 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் நின்ற அச்சிறை 1996ஆம் ஆண்டு மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அக்காலத்துச் சிறைகளின் நோக்கம் மூன்று: அடைத்து வைத்தல், அஞ்சச் செய்தல், வேலை வாங்குதல்.

ஆயினும் அதற்கும் முற்பட்ட காலத்திலேயே வேறொரு முறை இங்கு இருந்தது என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரும் அவர்களுள் இருந்தனர். சாலை அமைத்தல், பாலம் கட்டுதல், கட்டடம் எழுப்புதல் ஆகிய வேலைகள் அவர்களுக்கு இடப்பட்டன. 1861ஆம் ஆண்டு வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட சிங்கப்பூர் புனித அந்திரேயா தேவாலயம் அவர்கள் கைகளால் எழுந்ததாகும்.

அக்கைதிகள் நடத்தைக்கேற்பப் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நன்னடத்தை உடையோர் மேல் வகுப்பிற்கு உயர்ந்தனர். முதல் வகுப்பை அடைந்தவர் அனுமதிச் சீட்டுப் பெற்று, சிறைக்கு வெளியே வாழ்ந்து, தொழில் செய்து பிழைக்கலாயினர். கைதிகளைக் காக்கும் காவலராகவும் கைதிகளே அமர்த்தப்பட்டனர். 1873ஆம் ஆண்டு அக்கைதிக் குடியிருப்பு முறை முடிவுற்றது. "நல்லவனாக நடந்தால் சங்கிலி தளரும்" என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

சட்டம் மாறிய வரலாறு

உலக அளவில், கைதிகளை நடத்துவதற்குரிய குறைந்தபட்ச விதிகளை 1955ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாட்டு மாநாடு ஏற்றது. அவ்விதிகள் 2015ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, 27 ஆண்டுகள் சிறையில் கழித்த தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவின் பெயரைப் பெற்றன. சிறைவாசமே தண்டனை, அதற்கு மேலும் கைதியைத் துன்புறுத்துதல் தண்டனையின் பகுதியன்று என்பது அவற்றின் சாரம்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 1995ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டமும், அதன்கீழ் அமைந்த 2000ஆம் ஆண்டுச் சிறை விதிகளும் 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் பரோல் முறையைக் கொணர்ந்தது.

2023ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மற்றொரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை சில குற்றங்களுக்கு மரண தண்டனையைத் தவிர வேறு தண்டனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983ஆம் ஆண்டு முதல் அவ்வாறான கட்டாய மரண தண்டனை இருந்து வந்தது. புதிய சட்டம் அக்கட்டாயத்தை நீக்கி, வழக்கின் தன்மையை ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமையை நீதிபதிக்கு அளித்தது. மரண தண்டனை அறவே ஒழிந்துவிடவில்லை என்பதையும், கடத்தல் இன்றும் மிகக் கொடிய குற்றமே என்பதையும் நம் இளைஞர்கள் மறத்தலாகாது. பிறர் தரும் பொட்டலத்தைச் சிறு கூலிக்காக எடுத்துச் செல்லும் பிள்ளை, தன் வாழ்நாளையே பணயம் வைக்கின்றான்.

சிறைக்கு முன்னுள்ள வழிகள்

சிறைச் சீர்திருத்தம் என்பது சிறைக்குள் செய்யும் மாற்றம் மட்டுமன்று. சிறைக்குச் செல்ல வேண்டாதவரை அங்கு அனுப்பாதிருத்தலும் அதன் பகுதியாகும். சிறு குற்றம் செய்த இளைஞன் பெருங்குற்றவாளிகளோடு சேர்ந்தால், செல்லும்போது இல்லாத தீமைகளையும் கற்றுத் திரும்பக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தோட்டத்து இளைஞன் ஒருவன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மூட்டை ஒட்டுப்பாலைத் திருடி விற்றுவிட்டான். அவனுக்கு 20 வயது. முன்பு எக்குற்றமும் செய்ததில்லை. தண்டனைச் சட்டத்தின்படி திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஆயினும் அவனுடைய வயது, முன்நடத்தை, குற்றத்தின் அளவு ஆகியவற்றை நோக்கி, நீதிமன்றம் பின்வரும் வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலும்.

முதலாவது, நன்னடத்தைப் பிணை. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடப்பதாக அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்கும் ஜாமீன்தாரரும் தேவைப்படலாம். அக்காலத்தில் தவறாது நடந்தால் சிறைவாசம் இல்லை. தவறினால் பழைய குற்றத்திற்காகவே மீண்டும் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும்.

இரண்டாவது, சமூகச் சேவை. 18 வயது நிறைந்து 21 வயது நிறையாத குற்றவாளிக்கு, மொத்தம் 240 மணி நேரத்திற்கு மேற்படாத சமூகச் சேவையை நீதிமன்றம் விதிக்கலாம்.

மூன்றாவது, கட்டாய வருகை. இதற்குரிய சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 3 மாதமோ அதற்குக் குறைவாகவோ சிறை விதித்தால் போதும் என்று நீதிமன்றம் கருதும் குற்றவாளியை, சிறைக்கு அனுப்பாமல், நாள்தோறும் ஒரு நிலையத்திற்கு வந்து வேலை செய்துவிட்டு வீடு திரும்புமாறு ஆணையிடலாம். அவ்வேலை நாளொன்றுக்கு 4 மணி நேரத்திற்கும், மொத்தம் 3 மாதத்திற்கும் மேற்படலாகாது. அபராதம் கட்ட இயலாமையால் சிறை செல்ல வேண்டியவருக்கும் இவ்வாறு ஆணையிட இடமுண்டு. கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவருக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தம் பிழைப்பும் கெடாது. பிள்ளைகள் பசித்திருக்கவும் மாட்டார்கள்.

18 வயது நிறையாதவர்க்கு 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தனி வழி வகுத்துள்ளது. அவர்களுடைய வழக்குகளைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும். 14 வயது நிறையாத பிள்ளையைச் சிறைக்கு அனுப்பவே முடியாது. 14 வயதுக்கு மேற்பட்டோரையும், வேறு தக்க வழி இருக்குமானால் சிறைக்கு அனுப்பலாகாது. மலாக்கா தெலோக் மாஸ் முதலிய இடங்களில் உள்ள ஹென்றி கர்னி பள்ளிகள் சிறைச்சாலை இலாகாவின் பொறுப்பில் இருப்பினும், கல்வியும் தொழிலும் கற்பித்துத் திருத்துவதற்கென அமைந்தவை.

இவ்வழிகளை நீதிமன்றம் கருதிப் பார்க்க வேண்டுமானால், குற்றம் சாட்டப்பட்டவரின் நிலையை யாரேனும் அங்கு எடுத்துரைத்தல் வேண்டும். தனியே நின்று, கேட்டது விளங்காமல் தலையசைப்பவனின் குடும்ப நிலை நீதிபதிக்கு எவ்வாறு தெரியும்? கைது செய்யப்பட்டவரிடம் கைதுக்கான காரணத்தைக் கூறுதல் வேண்டும் என்றும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் வேண்டும் என்றும் நம் அரசியலமைப்பின் 5ஆம் விதி கூறுகின்றது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம், குற்ற வழக்கில் சிக்கிய மலேசியக் குடிமக்களுக்கு, வருமான வரம்பிற்கு உட்பட்டு உதவி புரிகின்றது. எனவே பிள்ளை கைதானான் என்று கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்ளாமல், முதல் நாளிலேயே சட்ட உதவியை நாடுதல் பெற்றோரின் கடமையாகும். சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், நோயுற்ற பெற்றோர் இருப்பின் மருத்துவச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்தல் நலம்.

தண்டனைக் கழிவு

சிறை விதிக்கப்பட்டபின் குடும்பத்தினர் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது வருவான்?" என்பதே. இதற்கு விடை காண ஒரு சிறு கணக்கை அறிதல் வேண்டும்.

ஒரு மாதத்திற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றவர், உழைப்பாலும் நன்னடத்தையாலும் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாகப் பெற இயலும். 3 ஆண்டு, அதாவது 36 மாதத் தண்டனை என்று கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு 12 மாதம். அதைக் கழித்தால் 24 மாதத்தில் விடுதலை பெறலாம். சிறைக்குள் சண்டையிட்டாலோ, தடை செய்த பொருளை வைத்திருந்தாலோ, இக்கழிவை இழக்க நேரிடும். பார்க்கச் செல்லும் உறவினர் புகையிலை முதலியவற்றை மறைத்துக் கொடுப்பது அன்பாகாது. அவர் வீடு திரும்பும் நாளை அது தள்ளிப்போடும்.

பரோல் முறை

பரோல் என்பது தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை, அதிகாரியின் மேற்பார்வையில், சிறைக்கு வெளியே கழிக்க அளிக்கும் அனுமதியாகும். அது மன்னிப்பன்று, முழு விடுதலையும் அன்று. 1 ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியைக் கழித்தவரைப் பரோலுக்குக் கருதலாம். முன்னர்க் கூறிய 36 மாதக் கணக்கில், 18 மாதம் கழிந்தபின் இவ்வாய்ப்பு எழுகின்றது. ஆனால் கொடிய குற்றங்கள் பலவற்றைச் சட்டம் ஓர் அட்டவணையில் விலக்கி வைத்துள்ளது. அவற்றைச் செய்தவர்க்குப் பரோல் இல்லை. மேலும், பாதி கழிந்ததும் தானாகவே கிடைத்துவிடும் உரிமையாகவும் இதனைக் கருதலாகாது. பரோல் வாரியமே ஆராய்ந்து முடிவு செய்யும்.

அவ்வாறு ஆராய்வதற்குரிய கோப்பைப் பரோல் அதிகாரி ஆயத்தம் செய்கின்றார். கைதி சிறையில் எவ்வாறு நடந்துகொண்டார், என்ன தொழில் கற்றார் என்பது உள்விசாரணை. வெளியே வந்தால் எங்குத் தங்குவார், என்ன வேலை செய்வார், யார் பொறுப்பேற்பார் என்பது வெளிவிசாரணை. இங்குதான் நம் வீட்டு வாசலுக்குச் சட்டம் வந்து நிற்கின்றது. அதிகாரி வந்து, "இவரை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்கும்போது குடும்பத்தினர் கூறும் விடை அக்கோப்பில் இடம் பெறும். கோபத்தில் கூறும் ஒரு சொல் அவரைச் சிறையிலேயே நிறுத்திவிடக்கூடும். அதற்காகப் பொய்யும் கூறலாகாது. வீட்டில் அவரால் அடிபட்ட மனைவியோ, அஞ்சும் பிள்ளைகளோ இருந்தால், அவ்வுண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அந்நிலையில் வேறு உறவினர் வீடு ஒன்றைக் காட்டுதல் எல்லார்க்கும் நன்மை தரும்.

தோட்ட மக்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. லயத்து வீடு நம்முடையதன்று; நிர்வாகத்தினுடையது. அங்கு வேலை செய்யாத ஒருவரைத் தங்க வைக்க நிர்வாகம் இணங்காதிருக்கலாம். பரோல் அதிகாரி வரும் நாளில் இதனை எண்ணிப் பயனில்லை. தண்டனையில் பாதி கழிவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே நிர்வாகத்தைக் கண்டு பேசுதல் வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் உடன் வந்தால் மிக நன்று. இடமில்லை என்றால், பட்டணத்தில் வசிக்கும் அண்ணனோ அத்தையோ ஏற்பார்களா என்று கேட்டு வைத்தல் வேண்டும். வேலை தர இசையும் ஒருவரிடம் கடிதம் பெற்றிருப்பின் கோப்பு வலுப்பெறும்.

பரோலில் வந்தவர் குறித்த வீட்டில் தங்க வேண்டும். குறித்த வேலையைச் செய்ய வேண்டும். அதிகாரியிடம் முறையாக வந்து தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றி இடமோ வேலையோ மாறலாகாது. இவற்றை மீறினால் பரோல் நீக்கப்பட்டு மீண்டும் சிறை செல்ல நேரிடும். "ஒருநாள்தானே, வெளியூர்த் திருவிழாவுக்கு வந்து போ" என்று அழைக்கும் நண்பர் அவருக்கு நன்மை செய்பவர் அல்லர்.

பாதிக்கப்பட்டோரை மறவாதிருத்தல்

குற்றவாளியைத் திருத்துதல் பற்றியே பேசும்போது, அவரால் துன்பமுற்றோரை நாம் மறந்துவிடுதல் கூடாது. திருட்டுக் கொடுத்தவரும், தாக்கப்பட்டவரும், மகனை இழந்த தாயும் இதே தோட்டத்தில் வாழ்பவராக இருக்கலாம். "என் வயிறு எரிகின்றது, அவன் மட்டும் பாதியில் வருவதா?" என்று அவர்கள் கேட்பது இயல்பே. அவர்களுடைய கேள்வியை இகழலாகாது. கொடிய குற்றங்களைப் பரோலிலிருந்து விலக்கியிருப்பதும், வெளியே வந்தபின்னும் மேற்பார்வை தொடர்வதும் அவர்களை எண்ணியே ஆகும்.

ஆயினும் ஒன்றை நாம் அமைதியாகச் சிந்திக்க வேண்டும். தண்டனை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் வெளியே வந்தே தீருவர். எவ்வித மேற்பார்வையும் இன்றி, வேலையும் இன்றி, ஏற்க ஆளும் இன்றி ஒருவர் வந்து நிற்பது தோட்டத்திற்குப் பாதுகாப்பா? அல்லது அதிகாரியின் கண்காணிப்பில், கையில் தொழிலோடு, படிப்படியாக வருவது பாதுகாப்பா? சட்டம் இரண்டாவதைத் தேர்ந்துள்ளது. அஃது இரக்கத்தால் மட்டும் செய்த தேர்வன்று. ஊரின் நன்மை கருதிச் செய்ததுமாகும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, தொடர்பை அறுத்தலாகாது. சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளியில் பயிலும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். கடிதங்களை அதிகாரிகள் பார்வையிடுவர் ஆதலால், குடும்பச் செய்தியை மட்டும் எழுதுதல் நன்று. பார்வை நாள்களையும் கொண்டு செல்ல வேண்டிய அடையாள அட்டை முதலியவற்றையும் முன்கூட்டியே அச்சிறையில் கேட்டறிந்து செல்லுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து நெடுந்தூரம் சென்று, காணாமல் திரும்பும் துன்பம் அதனால் தவிரும்.

இரண்டாவதாக, கற்கத் தூண்டுங்கள். தையல், தச்சு, ரொட்டி செய்தல் முதலிய தொழில்கள் சிறைகளில் கற்பிக்கப்படுகின்றன. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வாய்ப்பும் உண்டு. "அங்கு என்ன கற்றாய்?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேளுங்கள்.

மூன்றாவதாக, அவருடைய பிள்ளைகளைப் பழிக்காதீர்கள். தந்தை செய்த குற்றத்திற்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. பள்ளிக்கூடத்தில் பிற பிள்ளைகள் ஏளனம் செய்வதைத் தடுக்க ஆசிரியரும் பெற்றோரும் முயல வேண்டும். ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளை, தன்னைச் சேர்த்துக்கொள்ளும் தீய கூட்டத்தைத் தேடிச் செல்லக்கூடும்.

நான்காவதாக, திரும்பி வந்தவரிடம் பழங்கதை பேசாதீர்கள். அவரோடு உடனே நட்புக் கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் முகம் பார்த்து ஒரு வணக்கம் சொல்லவும், கோயில் வேலைக்கு அழைக்கவும், வேலை காலி இருந்தால் சொல்லியனுப்பவும் நம்மால் இயலும். நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கு அத்தகைய நாள் இல்லாமற் போனால், நாடாளுமன்றம் எத்தனைச் சட்டம் இயற்றினும் அவை தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும்.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. ஒருவருக்கு 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முழுக் கழிவும் பெற்றால் எத்தனை மாதத்தில் விடுதலை பெறுவார்? எத்தனை மாதம் கழிந்தபின் அவரைப் பரோலுக்குக் கருதலாம்?

2. அபராதம் கட்ட இயலாத ஒரு தொழிலாளிக்குச் சிறைக்கு மாற்றாக எவ்வழி உள்ளது? அதனால் அவர் குடும்பம் பெறும் நன்மை யாது?

3. பரோல் அதிகாரி உங்கள் வீட்டிற்கு வந்தால் எவற்றைக் கேட்பார்? அவற்றிற்கு விடை கூற இன்றே செய்து வைக்கத்தக்கவை யாவை?

4. சிறையிலிருந்து திரும்பிய ஒருவர் மீண்டும் தவறாதிருக்க நம் தோட்டத்துக் கோயில் குழுவும், தொழிற்சங்கக் கிளையும், இளைஞர் மன்றமும் என்ன செய்யலாம்?